கரண்டியை அளந்த பிறகு பேசுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீடு வீடாகப் போய் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளைப் பார்க்கும் சுகாதாரத் தன்னார்வலர்களும், அவர்களுக்குப் பயிற்சி தருபவர்களும் வீட்டுச் சமையல் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. பதில் தருபவர்கள்: நம் இதழின் உணவியல் ஆலோசகர்கள்.

கேள்வி: இருபது பெண்களுக்கு நலவாழ்வு ஆலோசகர் பயிற்சி தரப்போகிறோம். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று பாடம் எடுத்தால் கவனமாகக் கேட்கிறார்கள். ஆனால் நோயாளி வீட்டுக்குப் போனதும் ‘எண்ணெயைக் குறைங்க, காய்கறி நிறைய சாப்பிடுங்க’ என்பதற்கு மேல் பேச்சு போவதில்லை. இரண்டே நாள்தான் இருக்கிறது. எதைச் சொல்லிக்கொடுப்பது? — ஒரு பயிற்சியாளர், அரூர்

பதில்: ‘எண்ணெயைக் குறைங்க’ என்றால் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு? இது சொல்பவருக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. அதனால்தான் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. முதல் அரை நாளை அளப்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள். வரும் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் குழம்புக் கரண்டி, எண்ணெய் ஊற்றும் கரண்டி, உப்பு ஜாடியில் கிடக்கும் ஸ்பூன், அரிசி அளக்கும் டம்ளர் ஆகிய நான்கையும் கொண்டுவரட்டும். நீங்கள் வாங்கவேண்டியது 5 மி.லி., 15 மி.லி. அளவு ஸ்பூன்கள், 200 மி.லி. அளவுக் குவளை, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு.

‘நாலு பேருக்குத் தாளிக்க எவ்வளவு ஊற்றுவீர்களோ அதை இந்தக் கிண்ணத்தில் ஊற்றுங்கள்’ என்று சொல்லுங்கள். பிறகு அளவு ஸ்பூனால் எடுத்து எண்ணச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பூன் என்று நினைத்து ஊற்றியது 30 மி.லி.யைத் தாண்டுவது சாதாரணம். தன் கை ஊற்றியதைத் தன் கண்ணால் பார்த்தவர், நோயாளி வீட்டில் போய் வெறும் ‘குறைங்க’ சொல்லமாட்டார். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 5 மி.லி., ஏறக்குறைய 40 கலோரி. எடை குறைக்க வேண்டிய பெரியவருக்கு ஒரு நாளைக்கு 4 டீஸ்பூன் என்று வைத்தால் மாதம் 600 மி.லி. நாலு பேர் வீட்டுக்கு, பொரிப்பதும் சேர்த்து, மாதம் ஏறக்குறைய இரண்டரை லிட்டர். ரேஷன் பாமாயில் ஒரு லிட்டர், கடையில் வாங்கும் கடலை எண்ணெய் எத்தனை லிட்டர் என்று கேட்டாலே அந்த வீட்டின் நிலை தெரிந்துவிடும். எண்ணெயைக் கண்ணால் பார்க்காமலேயே கணக்குப் போட இது நல்ல வழி.

பிற்பகலில் கேட்கும் கலை. ‘என்ன சாப்பிடுவீங்க?’ என்று கேட்டால் நல்ல பிள்ளை பதில்தான் வரும். ‘நேத்து காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்கம்மா’ என்று தொடங்கி, உலையில் எத்தனை டம்ளர் அரிசி போனது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், மிச்சம் என்ன ஆனது, டீக்கு எத்தனை தடவை சர்க்கரை போட்டார்கள் என்று நேற்றைய நாளையே நடந்து வரச் சொல்லுங்கள். 1983இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் எழுதிய ஊக்கமூட்டும் உரையாடல் முறை இன்று உலகம் முழுக்க நலவாழ்வு ஆலோசகர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. மாறவேண்டிய காரணம் நோயாளியின் வாயிலிருந்தே வரவேண்டும் என்பது அதன் அடிப்படை. பயிற்சிக்கு மூவர் மூவராகப் பிரியுங்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் ஆலோசகர், மூன்றாமவர் கையில் பேனா. ஆலோசகர் எத்தனை முறை ‘கூடாது’, ‘பண்ணணும்’ என்றார் என்று அவர் கோடு போடட்டும். முதல் சுற்றில் கோடுகள் நிறைய விழும். மூன்றாவது சுற்றில் குறைவது அவர்களுக்கே தெரியும்.

இரண்டாம் நாள் அடுப்பு பற்ற வேண்டும். மருத்துவரும் சமையல் கலைஞருமான ராணி போலக் அமெரிக்காவில் உருவாக்கிய பயிற்சியும் இந்த இரண்டையும், அதாவது ஆலோசனை முறையையும் சமையல் திறமையையும், சேர்த்தே கற்றுத்தருகிறது. நம் ஊருக்கு ஒரு பொரியல் போதும். அரை கிலோ கத்தரிக்காயை இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கை வழக்கம்போல எண்ணெயில் வதக்கட்டும். இன்னொரு பங்கில் முதலில் மூன்று மேஜைக்கரண்டி தண்ணீரும் சிறிது உப்பும் போட்டு, அடிகனமான சட்டியில் மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம் வேகவிட்டு, பிறகு 10 மி.லி. எண்ணெயில் தாளித்துச் சேர்க்கட்டும். கத்தரிக்காய்க்குள் நிறைய காற்றறைகள் உண்டு. பச்சையாக எண்ணெயில் போட்டால் பஞ்சு மாதிரி குடித்துவிடும். ஆவியில் முதலில் தளர்ந்தால் அந்த அறைகள் சுருங்கிவிடும், எண்ணெய் குறைவாகவே ஏறும். இங்கே தவறுவது தீயில்: எண்ணெயைக் குறைத்தவர் தீயைக் குறைக்காவிட்டால் அடிப்பிடிக்கும், வீட்டில் ‘டாக்டர் சொன்ன சமையல்’ என்று முகம் சுளிப்பார்கள், அத்தோடு முடிந்தது. அளவு, மூடி, தீ மூன்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.

பயிற்சி முடிவில் தாள் தேர்வு வேண்டாம். ‘நான் சொன்னதை உங்க வார்த்தையில ஒருதடவை சொல்லுங்க’ என்று நோயாளியைக் கேட்க ஆலோசகருக்குத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: சர்க்கரை உள்ள ஒரு பெரியவர், ‘ராகி சாப்பிட்டா சுகர் ஏறாதும்மா’ என்று காலையும் இரவும் இரண்டிரண்டு களி உருண்டை சாப்பிடுகிறார். சுகர் குறையவே இல்லை. அவரிடம் ராகி வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. — சுகாதாரத் தன்னார்வலர், பென்னாகரம்

பதில்: வேண்டாம் என்று சொல்லவே சொல்லாதீர்கள். ராகி நம் மண்ணின் தானியம். தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ ராகி தரும் திட்டம் 2023இல் தொடங்கியதும் அதனால்தான். 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. அரிசியில் அது 10 மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்தும் அரிசியைப்போல் பல மடங்கு. அதைப் பெரியவரிடம் முதலில் சொல்லுங்கள்.

பிறகு தராசை எடுங்கள். 100 கிராம் ராகி மாவில் மாவுச்சத்து ஏறக்குறைய 67 கிராம், அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். களி கிண்டும்போது 100 கிராம் மாவு கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே தண்ணீர் குடிக்கும். ஆகவே 300 கிராம் எடையுள்ள ஓர் உருண்டைக்குள் 85–90 கிராம் மாவு இருக்கும். இரண்டு உருண்டையில் ஏறக்குறைய 120 கிராம் மாவுச்சத்து. அது ஒரே வேளையில். இதில் நொய் கலந்திருந்தால் கணக்கு இன்னும் கூடும். நம் பக்கம் நொய்யை உலையில் வேகவிட்டு அதன்மேல் மாவைக் கொட்டிக் கிண்டும் வீடுகள் ஏராளம், ஆகவே ‘நொய் எவ்வளவு போட்டீங்க?’ என்று கேட்காமல் விடாதீர்கள்.

இன்னொன்று, களியை நாம் மென்று சாப்பிடுவதில்லை. குழம்பில் தோய்த்து விழுங்குகிறோம். வயிறு நிறைந்தது தெரிவதற்குள் இரண்டாவது உருண்டையும் போய்விடும்.

அவர் வீட்டில் செய்துகாட்ட ஒரு வழி: 200 மி.லி. டம்ளரின் உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்து, சூடான களியை அழுத்தி நிரப்பித் தட்டில் கவிழ்க்கச் சொல்லுங்கள். அது 200 கிராமுக்கு மேல் கொஞ்சம் இருக்கும். உள்ளே 60, 65 கிராம் மாவு. ஒரு வேளைக்கு அந்த ஒரு டம்ளர் களி. குறைந்துபோன இடத்தைக் கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ அவரைக்கொட்டைச் சாறோ நிரப்பவேண்டும்: துவரம்பருப்போ கொள்ளோ 30 கிராம், கீரை ஒரு பிடி கட்டு. கடைசலில் பாதியை முதலில் சாப்பிட்டுவிட்டு, பிறகு களியைத் தொடச் சொல்லுங்கள். மாவைச் சல்லடையில் நைசாகச் சலித்து உமித்தோலை எடுத்துவிடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தலாம். மாவு எவ்வளவு நைசோ அவ்வளவு வேகமாகச் சர்க்கரை ஏறும்.

குளுக்கோமீட்டர் கைவசம் இருந்தால் வாதமே தேவையில்லை. ஒரு நாள் வழக்கம்போல இரண்டு உருண்டை, இன்னொரு நாள் ஒரு டம்ளர் களியும் கடைசலும். இரண்டு நாளும் சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து அளந்து, இரண்டு எண்ணையும் அவர் கையாலேயே எழுதவிடுங்கள்.

முளைகட்டிய ராகி மாவு பற்றியும் இந்தச் சமயத்தில் கேட்பார்கள். முளைக்கும்போது மாவுச்சத்து உடைந்து மால்ட்டோஸ் என்கிற சர்க்கரை ஆகிறது, கஞ்சி நீர்த்து இனிக்கிறது. எடை ஏறாத குழந்தைக்கு அது மிக நல்லது. சர்க்கரை நோயாளிக்கு அந்தக் கஞ்சி வேகமாக ஏறும். அவருக்கு முளைகட்டாத ராகியே சரி.

கேள்வி: ஓர் அம்மாவிடம் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் முற்பகலில் வியர்த்து, கை நடுங்கி மயங்கிவிட்டார். நான் சொன்னது தவறா? — சுகாதாரத் தன்னார்வலர், ஊத்தங்கரை

பதில்: குறைக்கச் சொன்னதில் நோக்கம் சரி. மாத்திரை அட்டையைப் பார்க்காமல் சொன்னதுதான் தவறு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு குறைந்தாலும் தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்வதில்லை. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, குழப்பம் வரும். மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு இது அபூர்வம்.

உடனே செய்யவேண்டியது: நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அதாவது 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் குறைவாக இருந்தால் இன்னொரு முறை. தெளிந்ததும் ஒரு வேளை சாப்பாடு. நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்கவேண்டும்.

பயிற்சியில் இதை ஒரு விதியாகவே வையுங்கள்: உணவைப் பற்றி வாய் திறப்பதற்கு முன் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பது. மேலே சொன்ன மாத்திரைகளோ இன்சுலினோ இருந்தால், சோறு, களி அளவைக் குறைக்கும் முன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லவேண்டும். அவர் சரி என்ற பிறகும் பாதியாக வேண்டாம், கால் பங்குதான் குறைக்கலாம். எந்த வேளையையும் தவிர்க்கச் சொல்லக்கூடாது. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது நம் வேலை இல்லை. சிறுநீரக நோயாளி, கர்ப்பிணி, காசநோய்க்கு மருந்து எடுப்பவர், காரணம் தெரியாமல் எடை குறைந்துவரும் முதியவர் இவர்களுக்கும் பொதுவான அறிவுரை எதுவும் தராமல் மருத்துவரிடமே அனுப்புங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டு வாசலுக்கு மாத்திரை வருவது பெரிய காரியம். அந்த மாத்திரையும் அந்த வீட்டு அடுப்பும் ஒன்றையொன்று அறிந்திருக்கவேண்டும். அதைச் சேர்த்துவைக்கக்கூடியவர் நீங்கள்தான்.

கேள்வி: நோயாளி கணவர். நான் போகும் நேரத்தில் அவர்தான் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார். சமைப்பது மனைவி, அவர் உள்ளேயே நிற்கிறார். யாரிடம் பேசுவது? — காவேரிப்பட்டணம்

பதில்: கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவரிடம். ஆனால் குற்றம் சாட்டும் தொனி துளிகூட வந்துவிடக்கூடாது. ‘அண்ணனுக்கு பிரஷர் ஏறியிருக்கு, நீங்க உப்பு அதிகமா போடுறீங்களா?’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் அந்த வீட்டுக் கதவு உங்களுக்கு மூடிவிடும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

“அக்கா, கொஞ்சம் இப்படி வந்து உக்காருங்க. உங்க சமையல்ல அண்ணனுக்கு ரொம்பப் பிடிச்சது எது?”

“புளிக்குழம்பும் கருவாடும்தான்.”

“அதை விடச் சொல்லப் போறதில்ல. எப்படிப் பண்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.”

செய்முறை சொல்லும்போதே எண்ணெய் எப்போது, எத்தனை கரண்டி, உப்பு எத்தனை தடவை என்பது எல்லாம் வந்துவிடும். அவர் சொன்ன செய்முறைக்குள் ஓர் இடத்தைத் தேடுங்கள். கருவாட்டை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை கழுவினால் உப்பு கணிசமாக இறங்கும். குழம்பில் உப்பு போடுவதைக் கருவாடு வெந்த பிறகு ருசி பார்த்து முடிவுசெய்யலாம். அதற்கு மேல் அன்றைக்கு வேண்டாம். ‘இது உங்களுக்கு ஒத்துவருமாக்கா?’ என்று கேட்டு, ‘வராது’ என்றால் வேறு ஒன்றை அவரையே சொல்லவிடுங்கள்.

கணவருக்கும் வேலை கொடுங்கள். கீரை ஆய்வது, காய் நறுக்குவது, தன் தட்டில் தானே அளந்து போட்டுக்கொள்வது. விடியற்காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் தலையில் ‘கூடுதலாக ஒரு பொரியல்’ என்று ஏற்றினால் அது நான்காம் நாள் நின்றுவிடும். கணவருக்குத் தனிச் சட்டி, வீட்டுக்குத் தனிச் சட்டி என்ற ஏற்பாடும் அப்படித்தான். எல்லோருக்கும் ஒரே குழம்பு, அந்தக் குழம்பில் மாற்றம்.

கேள்வி: உப்பு 5 கிராம் என்று சொல்கிறோம். யார் வீட்டில் தராசு இருக்கிறது? — தன்னார்வலர், பாலக்கோடு

பதில்: உப்புப் பாக்கெட்டே தராசு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. நாலு பேர், 30 நாள், 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைப் பலகாரத்தில் வருவதும் இதற்குள்தான் அடங்கவேண்டும். அதனால் ஒரு கிலோ பாக்கெட் இரண்டு மாதத்துக்கு மேலே வந்தால்கூட நல்லதே. பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் பேனாவால் தேதி எழுதச் சொல்லுங்கள். 20 நாளில் தீர்ந்துபோனால் யாரும் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

முதல் படி, சோற்றிலும் களியிலும் உப்பு போடுவதை நிறுத்துவது. குழம்பு உப்பாக இருக்கும்போது அது தெரியவே தெரியாது. இரண்டு வாரம் கழித்து, குழம்பில் கால் பங்கு குறைப்பது. அடுத்த இரண்டு வாரத்தில் இன்னொரு கால் பங்கு. ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடும். நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி கை கொடுக்கும். உப்பைக் கொதிக்கும்போது போடாமல் இறக்கும் நேரத்தில் போட்டால் குறைந்த உப்பே நாக்கில் நன்றாகத் தெரியும்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: கல் உப்பில் இடைவெளி அதிகம், தூள் உப்பு நெருங்கி நிற்கும். கல் உப்பிலிருந்து தூளுக்கு மாறியவர் பழைய ஸ்பூனால் அதே அளவு போட்டால் உப்பு கூடிவிடுகிறது. தூள் உப்பு தட்டையாக ஒரு டீஸ்பூன் 5 முதல் 6 கிராம். எதை வாங்கினாலும் அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும்.

‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவருக்கும், எனலாப்ரில், லோசார்டான் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கும் அது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் சிபாரிசு செய்யாதீர்கள்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி போட்டுக்கொள்ளச் சொல்லலாமா? — கிருஷ்ணகிரி

பதில்: சர்க்கரை நோயாளிக்குச் சொல்லக்கூடாது. மூன்றும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். டீயில் ஒன்றரை ஸ்பூன் போடுபவரை ஒரு ஸ்பூனுக்குக் கொண்டுவருவதே உண்மையான மாற்றம்.

கேள்வி: கொள்ளு, மொச்சை சேர்க்கச் சொன்னால், ‘எங்க போர் தண்ணியில அது வேகாது, சோடா உப்பு போட்டாத்தான் வேகும்’ என்கிறார்கள். — பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: அவர்கள் சொல்வது உண்மை. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பயறின் செல்சுவரில் உள்ள பெக்டின் என்கிற பசைப்பொருளோடு பிணைந்து அதைக் கெட்டியாக்கிவிடுகின்றன. எத்தனை விசில் விட்டாலும் உள்ளே கல் மாதிரி நிற்கும். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த பழைய பயறு இன்னும் மோசம். புளியை முன்னாலேயே ஊற்றினாலும் வேகாது. பருப்பு மசிந்த பிறகே புளி.

சோடா உப்பு போட்டால் வேகும், ஆனால் தயமின் என்கிற பி1 உயிர்ச்சத்து அழிகிறது, கால் டீஸ்பூனில் 300 மில்லிகிராமுக்கு மேல் சோடியமும் ஏறுகிறது. உப்பைக் குறைக்கச் சொன்ன வீட்டில் அது பின்வாசல் வழியாக உள்ளே வந்ததாகிவிடும்.

சரியான வழி தண்ணீரை மாற்றுவது. பயறை இரவு முழுக்க ஊறவைப்பதும், வேகவைப்பதும் குழாயில் வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் (காவிரி நீர்) இருக்கட்டும். அந்த நீர் கிடைக்காத நாளில், போர் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அடியில் வெள்ளையாகப் படிந்ததை விட்டு மேல் நீரை மட்டும் எடுத்தால் கடினம் ஓரளவு இறங்கும். 8 மணி நேரம் ஊறிய கொள்ளு குக்கரில் ஐந்தாறு விசிலில் வெந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று ஃப்ளோரைடு. நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் அது பல இடங்களில் அதிகம்; பல்லில் பழுப்புக் கறையும் மூட்டு இறுக்கமும் அதனால் வருபவை. ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கம் இருக்கிறது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத நிலையில் 1.5 வரை என்பது இந்தியத் தரக்கட்டுப்பாட்டு அளவு. பல வீடுகளில் ஒகேனக்கல் நீரைக் குடிக்க மட்டும் எடுத்துவைத்துவிட்டு, சமையலுக்கு போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். களியும் சோறும் குடிக்கும் தண்ணீர் முழுவதும் வயிற்றுக்குள்தானே போகிறது? குடிக்கிற குடத்திலிருந்தே உலைக்கும் எடுக்கச் சொல்லுங்கள். சந்தேகம் உள்ள ஊரில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைச் சோதிக்கக் கொடுக்கலாம்.

கேள்வி: ஓசூரில் அறை எடுத்துத் தங்கி கம்பெனி வேலைக்குப் போகும் பையன்கள் தினமும் இரவு பரோட்டா. சமைக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். — ஓசூர்

பதில்: ஏழு நாளும் சமைக்கச் சொன்னால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். வாரத்தில் எந்த இரண்டு இரவு ஷிப்ட் சீக்கிரம் முடிகிறது என்று கேளுங்கள். அந்த இரண்டு மட்டும்.

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாதாரண அலுமினியக் குக்கரை வைத்துவிட்டு, சூடாகவில்லை என்று அடுப்பையே ஓரங்கட்டிவிடுவதுண்டு. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டும் குக்கர்தான் அதில் வேலை செய்யும்.

ஒருவருக்கு ஒரு குக்கர் சாப்பாடு: சாமையோ அரிசியோ 60 கிராம், பாசிப்பருப்பு 40 கிராம், நறுக்கிய தக்காளி, கேரட், பீன்ஸ், கீரை எது கிடைத்தாலும் சேர்த்து 200 கிராம், தண்ணீர் 400 மி.லி., மஞ்சள், சீரகம், ஒரு பச்சை மிளகாய், அரை டீஸ்பூனுக்குக் குறைவாக உப்பு. மூன்று விசில். இறக்கிய பிறகு ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, பூண்டு. ஏறக்குறைய 430 கலோரி, 16 கிராம் புரதம். கூட ஒரு அவித்த முட்டை போதும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பினால் பருப்பு நுரை விசில் துளையை அடைத்துவிடும், இதை அழுத்திச் சொல்லுங்கள். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்து மறுநாள் சாப்பிடக்கூடாது. அறையில் பிரிட்ஜ் இல்லாவிட்டால் ஒரு வேளைக்கு மட்டும் சமைப்பதே சரி. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி விலை விழும் மாதங்களில் காய்க்குச் செலவு ஆகிறது என்ற பேச்சுக்கும் இடமில்லை.

மற்ற ஐந்து இரவுக்கு: மூன்று பரோட்டாவை இரண்டாக்கி, கூட ஓர் ஆம்லெட். அதைக் கேட்டு அவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

கேள்வி: இரண்டாவது தடவை போகும்போது ‘நீங்க சொன்ன மாதிரியே பண்றோம்’ என்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? — பயிற்சியாளர், தேன்கனிக்கோட்டை

பதில்: ‘பண்ணீங்களா?’ என்று கேட்டால் ‘ஆமா’தான் வரும். ‘இந்த வாரம் எந்த நாள் முடியாம போச்சு?’ என்று கேளுங்கள். கேள்வியிலேயே முடியாமல் போகலாம் என்ற அனுமதி இருப்பதால் உண்மை வரும். வெள்ளிக்கிழமை கோயில் விசேஷம், செவ்வாய் விருந்தாளி, புதன் கேஸ் தீர்ந்தது என்று வரும் காரணங்களே உங்கள் அடுத்த ஆலோசனைக்கான பொருள்.

பிறகு மூன்றைப் பாருங்கள்: உப்புப் பாக்கெட்டில் எழுதிய தேதி, எண்ணெய் கேனில் மாதத் தொடக்கத்தில் போட்ட கோட்டுக்கும் இப்போதைய மட்டத்துக்கும் உள்ள தூரம், களி டம்ளர் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறதா அல்லது கழுவிக் கவிழ்த்திருக்கிறதா என்பது. உங்கள் நோட்டில் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: எந்த உணவு, எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு, எத்தனை நாள் நடந்தது, எது தடுத்தது. ஏழு நாளில் ஐந்து நாள் நடந்திருந்தால் அடுத்த மாற்றத்துக்குப் போகலாம். இரண்டு நாள்தான் என்றால் புதிதாக ஒன்றும் சொல்லாமல், அதே மாற்றத்தின் அளவைப் பாதியாக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.